சம்பந்தியோடு சைக்கிளில்

"சரி, சரி, அதுக்கென்ன, சரி" என்று நெவில் போனில் சொல்வது சமையலறை வரை கேட்டது. ரோனா கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே தொட்டியில் போட்டாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்தச் 'சரி'களைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். தலையை ஆட்டுவது அவன், சுமப்பது இவள்.

"யாரு போன்ல?"

"வாரிக். நம்ம ஜெம்மாவோட அப்பா."

"அவருக்கு என்னவாம்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நாம எல்லாம் ஒரு தடவை சேர்ந்து இருக்கணுமாம். ஜனவரியில ஒட்டாகோவுல ரயில் ஓடாத பழைய பாதையில சைக்கிள் விட்டுட்டு, ஆத்தோரமா நடந்துட்டு வரலாம்னார். பாவம், தனியா இருக்கற மனுஷன்."

"நீ என்ன சொன்ன?"

"அதான் கேட்டியே."

ரோனா, வின்டன் என்ற சின்ன ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள். வருடம் முழுக்க முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகளின் கூச்சல். ஜனவரியில் வரும் கோடை விடுமுறை ஒன்றுதான் அவள் காது ஓய்வெடுக்கும் காலம். அதை முன்பின் பழகாத ஒரு சம்பந்தியோடு கழிக்க வேண்டுமென்றால் எப்படி இருக்கும்? ஆனாலும் அவள் மறுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

மார்ச்சில் மகன் ஹேமிஷுக்கும் ஜெம்மாவுக்கும் கல்யாணம். ஆக்லாந்துக்கு எதிரே உள்ள தீவில், ஒரு திராட்சைத் தோட்டத்தில் என்று முடிவாகியிருந்தது. விமானத்தில் போய், அங்கிருந்து படகில் போக வேண்டும். ரோனாவின் அண்ணன் ஏங்கஸுக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்ஸிஜன் உருளையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விமானம் ஏறவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஹேமிஷைத் தோளில் தூக்கி வளர்த்தவர், அவனுக்கு டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், அவன் கல்யாணத்தைப் போனில் பார்ப்பதா? இதை வாரிக்கிடம் நேரில், பெரியவர்களுக்குள் பேசிக்கொள்வதுபோல் பேசிவிடலாம் என்று ரோனா நினைத்தாள்.

டனீடன் விமான நிலையத்தில் வாரிக் வந்து இறங்கினார். ஆறடி உயரம், கிளிப்பச்சைச் சட்டை, கன்னம் முழுக்க வெள்ளையாக வெயில் களிம்பு. வாயைத் திறந்துகொண்டேதான் வெளியே வந்தார்.

"ரோனா! நெவில்! என்ன வெயில், என்ன வெயில்! ஆக்லாந்துல இந்த மாதிரி வறட்டு வெயிலே கிடையாது. அங்க ஈரம். ஈரத்துக்கும் வறட்சிக்கும் உள்ள வித்தியாசம் என்னன்னா..."

காரில் முன்சீட்டு தனக்கு வேண்டும் என்றார், கால் நீளமாம். நெவில் மறுபேச்சில்லாமல் பின்னால் ஏறிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனான். வாரிக் கதவில் முதுகைச் சாய்த்து, ரோனாவின் முகத்தையே பார்த்தபடி பேசிக்கொண்டு வந்தார். "முன்னாடி ஒரு வளைவு இருக்கு, ரோனா." "லாரி வருது, ரோனா." "இங்க எழுபதுல போகலாம், ரோனா." பத்தொன்பது வருடமாக ஒரு கீறல்கூட விழாமல் பேருந்து ஓட்டியவள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பாதை தொடங்கும் மிடில்மார்ச் என்ற ஊரில் வாரிக்குக்கு ஒரு மின்சார சைக்கிளை வாடகைக்கு எடுத்தார்கள். மற்ற இருவருக்கும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாதா சைக்கிள்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சரளை பரப்பிய பாதை, மஞ்சள் புல்வெளிக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் போனது. ஆடுகளுக்காகப் பாதைக்குக் குறுக்கே போட்ட இரண்டாவது கதவு வந்ததும் நெவில் இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"என்னாச்சு?"

"பழைய வலிதான். நீங்க போங்க. நான் திரும்பிப் போய்க் காரை எடுத்துட்டு அடுத்த ஊருக்கு வந்துடறேன். யாராவது பையெல்லாம் கொண்டுவரணும்ல?"

அவன் முகத்தில் வலியைத் தேடினாள் ரோனா. ஒன்றும் தென்படவில்லை. சாயங்காலம் அடுத்த ஊரான ஹைடுக்குப் போய்ச் சேர்ந்தபோது காரின் பின்புறம் ஒரு மடக்கு நாற்காலியும் தூண்டிலும், அட்டைப்பெட்டி நிறைய பியரும் தென்பட்டன. வீட்டில் காரில் ஏற்றும்போது போர்வைக்கு அடியில் வைத்திருக்கிறான். டையேரி ஆற்றில் மீன் நல்லா கடிக்குது என்றான்.

"முழங்காலாலயா மீன் பிடிச்ச?" என்றாள்.

"கோவிச்சுக்காத ரோனா. உனக்கும் அவருக்கும் பேச நேரம் கிடைக்கட்டுமேன்னுதான்."

பேச நேரமா! வாரிக் மூச்சு விடும் இடைவெளியில்கூட ஒரு வார்த்தை நுழையாது. ஆடு எப்படிப் புல் மேயும் என்று ஆட்டுப் பண்ணையில் பிறந்தவளுக்கு விளக்கினார். பாலத்துக்குப் பாலம் நின்று அதைக் கட்டிய விதத்தைச் சொன்னார். சாப்பிடப் போன பப்பில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு, பரிமாறும் பெண் என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே எல்லோருக்கும் சேர்த்து ஆட்டுக்கறி சொல்லிவிட்டார். ரோனாவுக்கு மீன்தான் வேண்டியிருந்தது.

"எனக்கு மீன்" என்றாள்.

"ஆமா, இங்க அது ரொம்பப் பிரமாதம்" என்றார் வாரிக், ஆட்டுக்கறித் தட்டை அவள் பக்கம் தள்ளியபடி.

இதைவிட எரிச்சல் மூட்டியது, எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளாததுதான். "கொஞ்சம் நில்லுங்க, தண்ணி குடிச்சுக்கறேன்" என்று பின்னாலிருந்து கத்தினால் மின்சார சைக்கிள் பாட்டுக்கு விர்ரென்று போய்க்கொண்டிருக்கும். "எங்கம்மா பிறந்தது இந்த ஊர்தான்" என்றாள் ரான்ஃபர்லியில். "ரயில் வந்தப்புறம்தான் வளர்ந்துச்சு" என்றார். முதலில் மரியாதைக்காகப் பொறுத்தாள். அப்புறம் மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தாள். "கொழுப்பெடுத்த ஆக்லாந்துக்காரன்" என்று ஒருமுறை வாய்விட்டே சொன்னாள். அவர் திரும்பிப் பார்த்து மலர்ந்த முகத்தோடு கையாட்டினார். அவளுக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த நாள் ஐடா பள்ளத்தாக்கில் அவள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டாள். வடமேற்குக் காற்று எதிரே வீசிக்கொண்டிருந்தது. மோட்டார் இல்லாத சைக்கிளை மிதித்து மிதித்து எப்படியோ அவர் பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

"வாரிக், ஒரு விஷயம் பேசணும். கல்யாணத்தைப் பத்தி. எங்க அண்ணன் ஏங்கஸ்னு ஒருத்தர் இருக்கார்..."

அவர் வாய் மூடியிருந்தது, அதிசயம். அந்தத் தைரியத்தில் அவள் பேசிக்கொண்டே போனாள். அண்ணனின் நுரையீரலைச் சொன்னாள். ஹேமிஷ் சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து ஆட்டுச் சந்தைக்குப் போனதைச் சொன்னாள். அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் இங்கிருந்தே ஒரு கிளாஸ் குடிச்சுக்கறேன், விடு" என்று அவர் சிரித்ததைச் சொன்னாள்.  மேட்டில் மிதித்ததில் மூச்சு வாங்கியது. கண் கலங்கியதைக் காற்றின் மேல் பழி போட்டுக்கொண்டாள். "வேற இடம் பார்க்கலாமா, வாரிக்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஜெம்மா கேப்பா."

வாரிக் கையை நீட்டி வானத்தைக் காட்டினார். "அழகா இருக்குல்ல?" என்றார். அங்கே ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது.

ரோனா மிதிப்பதை நிறுத்திவிட்டாள். அவர் போய்க்கொண்டே இருந்தார். அவள் அங்கேயே நின்று, கைப்பிடியை இறுக்கியபடி அந்தக் கிளிப்பச்சைச் சட்டை ஒரு புள்ளியாகும் வரை பார்த்தாள். வாழ்நாளில் யாரும் அவளை இப்படி அவமானப்படுத்தியதில்லை.

அன்று ராத்திரி நெவிலிடம் அழுதுகொண்டே சொன்னபோது அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "காத்து பலமா இருந்திருக்கும்" என்றான்.

"காத்தா? காத்தா, நெவில்? அண்ணனைப் பத்திப் பேசினா பருந்தைக் காட்டறான் அந்த மனுஷன்!"

நெவில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மூடிக்கொண்டான்.

மறுநாள் பூல்பர்ன் பள்ளத்தாக்கில் இரண்டு பழைய ரயில் சுரங்கங்களைத் தாண்டும்வரை ரோனா அவரிடம் ஒரு சொல் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. வெளிச்சத்துக்கு வந்து, பெரிய பாலத்தையும் தாண்டிய பிறகு, ஒரு பண்ணையின் மாட்டுவழி பாதையைக் குறுக்கே வெட்டியது. பண்ணைக்காரர் ஒருவர் நாலு சக்கர பைக்கில், பின்னால் வண்டியும் நாயுமாக மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஹாரனை அழுத்தினார். நாய் குரைத்தது. வாரிக் எதையும் சட்டைசெய்யாமல் குறுக்குவழியின் நடுவுக்குப் போனார்.

"வாரிக்! நில்லுங்க! வாரிக்!" பேருந்தின் கடைசி வரிசைவரை எட்டும் குரல் அவளுடையது. வாரிக்கை அது எட்டவில்லை.

பண்ணைக்காரர் பிரேக்கை மிதித்ததில் பைக் சரளையில் அரைவட்டம் அடித்து நின்றது. பக்கவாட்டில் திடீரென்று முளைத்த அதைப் பார்த்து மிரண்ட வாரிக் கைப்பிடியைத் திருப்பி, சைக்கிளோடு புல்மேட்டில் சாய்ந்தார்.

"யோவ், காது கேக்கலையா உனக்கு?" என்று கத்தினார் பண்ணைக்காரர். எலும்பு ஏதும் முறியவில்லை என்று பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனார்.

வாரிக் எழுந்து ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். முழங்கை தோலுரிந்து ரத்தம் கசிந்தது. முதலுதவிப் பெட்டி ரோனாவின் பையில் இருந்தது. பேருந்தில் பழகிய பழக்கம், எங்கே போனாலும் கூடவே போகும். அவர் பின்னால் மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

"எரியுதா?"

பதில் இல்லை.

"வாரிக், எரியுதான்னு கேட்டேன்."

அவர் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோனா கையை நிறுத்தினாள். பண்ணைக்காரர் கத்தியது நினைவில் உறுத்தியது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு சாதாரணக் குரலில், "வாரிக், உங்க சைக்கிளை ஒருத்தன் தூக்கிட்டு ஓடறான்" என்றாள்.

அவர் அசையவில்லை.

"உங்க கால்சட்டை பின்னாடி கிழிஞ்சு எல்லாம் தெரியுது" என்றாள் இன்னும் கொஞ்சம் உரக்க.

அதற்கும் அசைவில்லை. ரோனா எழுந்து அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் உடனே அவள் உதட்டைப் பார்த்தார். முகத்தைக்கூட இல்லை, உதட்டை. காரில் அவர் ஏன் கதவில் சாய்ந்து உட்கார்ந்தார் என்பதும், பப்பில் ஏன் சுவரோரம் போனார் என்பதும், பரிமாறுகிறவள் வாய் திறக்கும் முன்பே ஏன் ஆட்டுக்கறி வந்தது என்பதும் அவளுக்கு வரிசையாக விளங்கின.

"உங்களுக்குக் காது கேக்காது" என்றாள்.

வாரிக் தோலுரிந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் கேக்கும்" என்றார். "இடது பக்கம். காத்து இல்லாட்டி."

"மெஷின் கிடையாதா?"

"இருக்கு. பையில. காத்துல ரெண்டும் ஓன்னு ஊளையிடும், ரோனா. தலைக்குள்ள ரயில் ஓடற மாதிரி. அதோட..." என்று இழுத்தார். "புதுசா வர்ற சம்பந்தி, இவர் செவிடுன்னு நினைச்சுப் பரிதாபப்படறதைவிட, வாயாடின்னு நினைக்கட்டுமேன்னு. நானே பேசிட்டிருந்தா யாரும் என்னைக் கேள்வி கேக்கமாட்டாங்க."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். நேற்று மேட்டில் மூச்சிரைக்க, கண்ணீர் வழிய, ஒரு முழுச் சங்கை ஊதித் தீர்த்திருக்கிறாள். பரிதாபம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. ஆனால் ஆத்திரம் அதை முந்திக்கொண்டது.

"உங்களை மூணு நாளா மனசுக்குள்ள திட்டிட்டு வர்றேன், தெரியுமா? வெளியேயும் திட்டினேன்!"

"அப்படியா? நெவில்கிட்ட முதல்லயே சொல்லிட்டேனே. மெயில்லயே எழுதினேன். வேற யார்கிட்டயும் சொல்லவேண்டாம்னு மட்டும் கேட்டுக்கிட்டேன்."

ரோனா கையிலிருந்த பஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "நெவிலுக்குத் தெரியும்."

"தெரியுமே."

அவள் பஞ்சை அழுத்திக் காயத்தைத் துடைத்து முடித்தாள். பிறகு, "முதல்ல அந்த மெஷினை எடுத்து மாட்டுங்க" என்றாள், பிள்ளைகளிடம் சீட்டு பெல்ட்டைப் போடச் சொல்லும் தோரணையில்.

மாட்டினார். அண்ணனைப் பற்றி மறுபடி சொன்னாள். நேற்று சொன்னதுபோல் வரவில்லை. நாலே வாக்கியத்தில், நுரையீரல், தோள், டிராக்டர், போன் என்று மளிகைச் சாமான் சொல்வதுபோல் வந்தது. வாரிக் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார்.

"கல்யாண விஷயத்துல தலையிடமாட்டேன்னு ஜெம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன், ரோனா. இடம் மாத்துன்னு நான் சொல்லமுடியாது" என்றார்.

காது கேட்டும் இதே பதில்தானா! அவள் பெட்டியைப் படாரென்று மூடினாள்.

"இருங்க. உங்க அண்ணனால வரமுடியாதுன்னு ஜெம்மாவுக்குத் தெரியுமா?"

"ஹேமிஷ் சொல்லியிருப்பான். அவன்கிட்ட நான் நவம்பர்லயே சொன்னேன்."

"ஹேமிஷ் அப்படி எதையாவது எடுத்துச் சொல்ற பையனா?"

ரோனா பெட்டியைப் பைக்குள் திணித்தாள். ஹேமிஷ் நெவிலின் மகன்.

அன்று சாயங்காலம் ஓமகாவில் நெவில் நாற்காலியை விரித்து உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராகப் போனாள்.

"உனக்குத் தெரியும்."

அவள் முகத்தைப் பார்த்த நெவில் எதைப் பற்றி என்று கேட்கவே இல்லை. "யார்கிட்டயும் சொல்லாதேன்னார்."

"நான் யாரோவா?"

"அவர் வெக்கப்பட்டார், ரோனா. ஆம்பளைக்கு ஆம்பளை, ஒரு வார்த்தை குடுத்தா..."

"நேத்து ராத்திரி நான் அழுதேன். அப்பவும் வார்த்தையைக் காப்பாத்தினியா? நாளைக்கு நீ சைக்கிள்ல வர்ற. கார் சாவி என்கிட்ட."

"முழங்கால்..."

"முழங்காலைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினா, நாற்காலி ஆத்துல போகும்."

மறுநாள் காலை அவள் காரில் தனியாகப் புறப்பட்டாள். வானொலியைப் போடவில்லை. அலெக்ஸாண்ட்ரா ஊருக்கு வெளியே சாலையோரக் கடையில் ஒரு பை ஆப்ரிகாட் வாங்கினாள். பாதை முடியும் கிளைடுக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டு, ஆற்றோரப் பாதையில் வில்லோ மர நிழலில் நடந்தாள். க்ளூத்தா ஆறு பச்சைக் கண்ணாடிபோல் கனத்து, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கரையில் தைம் மூலிகைச் செடிகள் வெயிலில் மணத்தன. யாரும் எதையும் விளக்கவில்லை. பழத்தைத் தின்று கொட்டைகளை ஆற்றில் எறிந்தாள். விடுமுறை தொடங்கி இன்றுதான் விடுமுறை.

அதைப் போன் கெடுத்தது. ஹேமிஷ்.

"அம்மா, ஏங்கஸ் மாமாவால வரமுடியாதுன்னு நீ ஏன் எனக்குச் சொல்லலை? வாரிக் ராத்திரி ஜெம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கார். அவ என்னை வறுத்து எடுத்துட்டா."

"உன்கிட்டதான்டா சொன்னேன். நவம்பர்ல. ரெண்டு தடவை."

"நீ சும்மா வருத்தப்படறேன்னு நினைச்சேன்."

"சும்மா வருத்தப்படறதுக்கு எனக்கு எங்கடா நேரம்?"

ஹேமிஷ் பேச்சை மாற்றினான். "தோட்டத்தை ரத்து பண்ணிட்டா. டனீடன்ல வைக்கலாங்கறா. மாமாவைக் கார்லயே கூட்டிட்டு வந்துடலாமே, இல்ல? ஏப்ரலுக்குத் தள்ளிப்போகும். ஜெம்மாவுக்குத் தோட்டம் போனது வருத்தம்தான். ஆனா ஒத்துக்கிட்டா. நீ அவகிட்ட நேரடியாப் பேசும்மா. என் மூலமா வேண்டாம்."

"நல்ல புத்தி இப்பவாவது வந்துச்சே" என்றாள். போனை வைத்த பிறகு ஒரு வில்லோ மரத்தில் சாய்ந்துகொண்டாள். அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள். "அப்ப நான் புது சூட் தைக்கணுமே, பழசுல என்னை மாதிரி ரெண்டு பேர் நுழையலாம்" என்றார் அவர், ஆக்ஸிஜன் குழாய் வழியே இரைந்த குரலில்.

ஆண்கள் இருவரும் மதியம் தாண்டித்தான் வந்தார்கள். நெவிலின் முகம் வெந்த பீட்ரூட். சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே மல்லாந்துவிட்டான்.

"என்ன, நல்லாப் பேசிட்டு வந்தீங்களா?" என்றாள் ரோனா.

"இன்னைக்குக் காத்தே இல்ல" என்றான் நெவில் வானத்தைப் பார்த்தபடி. "மெஷினை மாட்டிட்டு வர்றார். முன்னாடி அவரே பேசுவார், நாம சும்மா வரலாம். இப்பக் கேள்வி கேக்கறார், ரோனா. பதில் வர்றவரைக்கும் காத்திருக்கார். ஹேமிஷ் பிறந்தப்ப நான் என்ன நினைச்சேன்னு கேக்கறார். எனக்கு எப்படித் தெரியும்?"

ரோனா அவன்மேல் ஒரு துளி இரக்கமும் காட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் அவன் எட்டும் தூரத்தில் வைத்தாள்.

வாரிக் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் நடக்கலாமா?" என்றார். இருவரும் அணைக்கட்டுப் பக்கமாகத் திரும்பினார்கள். ரோனா அவருடைய இடது பக்கம் வந்துகொண்டாள்.

"ஹேமிஷ் போன் பண்ணினான்" என்றாள். "டனீடன்லயாம். நன்றி, வாரிக்."

"நான் இடத்தை மாத்தச் சொல்லலை. உங்க அண்ணனைப் பத்திச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் டிராக்டர் ஓட்டச் சொல்லிக்குடுத்ததையும் சொன்னேன்."

அந்த மனிதர் அதை ஞாபகம் வைத்திருந்தது ரோனாவின் வாயைத் திறந்துவிட்டது. அண்ணன் முதன்முதலில் டிராக்டரை ஓடைக்குள் இறக்கிய கதையைச் சொன்னாள். அதிலிருந்து அப்பாவின் பண்ணைக்குத் தாவி, பேருந்தில் ஆட்டுக்குட்டியை ஒளித்துக் கொண்டுவந்த பிள்ளைக்குப் போனாள். அங்கிருந்து நெவில் பெண் கேட்டு வந்தபோது ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மூன்று கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போனதில் வந்து நின்றாள். எத்தனை வருடம் தேக்கி வைத்திருந்தாளோ, அணை திறந்தாற்போல் வந்துகொண்டே இருந்தது. எதிரே ஒருவர் தலையைச் சாய்த்துக் கேட்கிறார் என்றால் எவ்வளவு பேசலாம் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ரோனா" என்றார் வாரிக், தயக்கமாக.

"சொல்லுங்க."

"தப்பா நினைக்காதீங்க. இந்த மெஷின்ல ஆத்துச் சத்தம், பறவைச் சத்தம், உங்க சத்தம், எல்லாம் ஒண்ணா வருது. தலை வலிக்குது. கொஞ்ச நேரம் பேசாம நடக்கலாமா?"

ரோனா நின்று அவரைப் பார்த்தாள். மூன்று நாள் இந்த மனிதரின் வாய் மூடாதா என்று ஏங்கியவள் அவள். இப்போது அவளுக்குச் சொல்ல ஒரு வண்டி விஷயம் இருந்தது, கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. சிரிப்பதா, ஆற்றில் தள்ளிவிடுவதா என்று தெரியவில்லை. அவர் உண்மையிலேயே நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி" என்றாள், எரிச்சலோடு.

பையிலிருந்து ஓர் ஆப்ரிகாட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். இருவரும் அணைக்கட்டு வரை பேசாமல் நடந்தார்கள்.